பிலோவுக்கு வந்த மசக்கை

தியோபிலோ தன் கடை வாசலில் முக்காலி போட்டு ஏறி நின்று சத்தியம் செய்தான்.

"இன்னையிலேருந்து இந்த வீட்ல பொட்டலம் பிரிச்சுத் தின்னற கை, பொண்டாட்டி கையா இருந்தாலும் சரி, என் கையா இருந்தாலும் சரி, விளங்காமப் போகட்டும். குழந்தை பொறக்கறவரைக்கும் நானும் தொடமாட்டேன், அவளும் தொடமாட்டா."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாலு பேர். நாலு பேரும் பொட்டலம் வாங்க வந்தவர்கள்.

ஏரிக்கரை சான் ரோக்கே தெருவில் பிலோவின் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. நூடுல்ஸ், சூப்புத்தூள், காபித்தூள், ஷாம்பு எல்லாம் சரம் சரமாகத் தொங்கும். பின்னால் டப்பா மீன், டப்பா இறைச்சி, சிவப்பு சாசேஜ். அந்தக் கடையில் பொட்டலமாகவோ டப்பாவாகவோ வராதவை இரண்டே இரண்டு. ஒன்று பிலோ. இன்னொன்று அவன் மீசை. கெளுத்தி மீனுக்கு இருப்பதுபோல் இரண்டு பக்கமும் தொங்கும் அந்த மீசைமேல் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. சத்தியம் செய்யும்போதுகூட அதை ஒரு தரம் நீவிக்கொண்டுதான் செய்தான்.

"சத்தியம் எல்லாம் சரி பிலோ," என்றாள் பக்கத்து வீட்டு ஆலிங் பாசிங். அவள் புட்டு அவித்து விற்பவள். தெருவில் நடக்கும் எல்லாவற்றுக்கும் கடைசித் தீர்ப்பும் அவளுடையதுதான். "எனக்கு ரெண்டு நூடுல்ஸ் எடுத்துக் கொடுத்துட்டு இறங்கு."

பிலோ எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கினான்.

சத்தியத்துக்குக் காரணம் காலையில் நடந்தது. பெண்டாட்டி ரெமிக்கு அஞ்சாம் மாசம். சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். நர்சம்மா நெனிதா பிரஷர் பார்க்க ரெமி கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முகத்தைச் சுளித்து, மறுபடியும் காற்றடித்து, மறுபடியும் சுளித்தாள்.

"நேத்து என்ன சாப்பிட்டே ரெமி?"

"காலைல நூடுல்ஸ்."

"மத்தியானம்?"

"டப்பா மீன்."

"ராத்திரி?"

"சாசேஜ். ரெண்டு."

"ரெண்டுதானே, போனாப் போகுது."

"ரெண்டு பாக்கெட், நர்சம்மா."

நர்சம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "வீட்ல அடுப்பு இருக்கா?"

"இருக்கு. வெந்நீர் வெக்க."

"ஏரிக்கரையில குடியிருக்கே. நல்ல மீனா கிடைக்கலை?"

"பச்சை மீன் வாசனை பட்டாலே குடல் வெளியே வருது. எல்லாருக்கும் மூணாம் மாசத்தோட மசக்கை போயிடும்னாங்க. எனக்குப் போகல. இந்தப் பொட்டலமும் டப்பாவும்தான் வயித்துல நிக்குது. அதுவும் அந்தப் புளிப்பும் உப்புமான சூப்பு இருக்கே, அது இல்லாட்டி எனக்கு அழுகையே வந்துடுது."

"இதெல்லாம் எங்கே வாங்கறே?"

ரெமி தலையை மட்டும் திருப்பிப் பிலோவைப் பார்த்தாள். நர்சம்மாவும் திரும்பிப் பிலோவைப் பார்த்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழு பிள்ளைத்தாச்சிகளும் பார்த்தார்கள். பிலோ சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைக் கவனமாகப் படித்தான்.

"நூத்திநாப்பதுக்குத் தொண்ணூறு," என்றாள் நர்சம்மா. "கால் வேற வீங்கியிருக்கு. மாத்திரை தரேன். ஆனா மாத்திரை ஒரு பக்கம் இறக்க, நீ ஒரு பக்கம் உப்பை ஏத்திக்கிட்டே இருந்தா நான் என்ன பண்ணட்டும்? நூடுல்ஸ்குள்ள ஒரு குட்டிப் பொட்டலம் வருதே, அதுல இருக்கற உப்புல ஒரு மீனையே கருவாடு போடலாம். ரெண்டு வாரம் பாக்கறேன். இறங்கலைன்னா டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். பிரசவம் வரைக்கும் அங்கேயே படுக்கை. இது விளையாட்டு இல்ல ரெமி. உனக்கும் ஆபத்து, உள்ளே இருக்கறதுக்கும் ஆபத்து."

பிலோ கொசுப் படத்தை விட்டுத் திரும்பினான். ஆறு வருஷம் காத்திருந்த குழந்தை. மூன்று மே மாதம், பிள்ளை வரம் தரும் ஒபாந்தோ கோயில் திருவிழாவுக்குப் போய், கொளுத்தும் வெயிலில் வாத்தியக்காரர்கள் பின்னால் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தெருத் தெருவாக ஆடி வாங்கிக்கொண்டு வந்த குழந்தை. ரெமியாவது அழகாக ஆடினாள். பிலோ ஆடியதைப் பார்த்துத்தான் சாமி இரக்கப்பட்டு, போதும் நிறுத்து என்று பிள்ளையைக் கொடுத்தது என்பது ஆலிங் பாசிங்கின் கட்சி. அப்பேர்ப்பட்ட பிள்ளைக்குத் தன் கடையிலிருந்தே ஆபத்து என்றால் மனுஷன் முக்காலிமேல் ஏறாமல் என்ன செய்வான்?

கூட்டம் கலைந்ததும் ரெமி அவன் கையைப் பிடித்தாள்.

"நானும் தொடமாட்டேன்னு சொன்னியே, நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"உனக்கு ஒரு நாளைக்கு மூணு நூடுல்ஸ் வேணுமே பிலோ."

"வேணும்தான். அதுக்காக? ஆம்பளை ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்."

"அப்படின்னா நானும் இருந்துடுவேன். நீ தின்னலைன்னா என்னால முடியும். ஆனா ஒண்ணு, இந்த வீட்டுக்குள்ள அந்த வாசனை வந்துச்சுன்னா என்னால அடக்கவே முடியாது. அப்புறம் என்னைத் திட்டாதே."

"வாசனை என்ன, அந்தப் பேச்சே வராது," என்றான் பிலோ.

நூடுல்ஸ், சாசேஜ், டப்பாக்கள் எல்லாவற்றையும் வலைக்கதவு போட்ட அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். சாவியைக் கயிற்றில் கோத்து, கழுத்தில் சிலுவைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். வாடிக்கையாளர் வந்து கேட்டால் குனிந்து, கழுத்தோடு சாவியைப் பூட்டில் நுழைத்துத் திறப்பான். இரண்டே நாளில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. தியாகம் என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ரெமி மெல்ல வந்து நின்றாள்.

"பிலோ, ஒரே ஒரு பொட்டலம்."

"முடியாது."

"தின்ன மாட்டேன். மோந்து பாத்துட்டுக் கொடுத்துடறேன்."

"பிரிக்காமலா?"

"பிரிக்காம எப்படி மோந்து பாக்கறது?"

"மனசைக் கட்டுப்படுத்தணும் ரெமி. என்னைப் பாரு. நாள் பூரா நடுவுலேயே உக்காந்திருக்கேன். ஒரு சலனம் உண்டா?"

ரெமி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சோறும் முருங்கைக்கீரைச் சாறும் பாதி சாப்பிட்டாள். அதில் பாதி வெளியே வந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பிலோவுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தாலும் உபதேசம் செய்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. புதன்கிழமையும் செய்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மணி. தெருவே பாய் விரித்துப் படுத்துவிட்டது. ரெமி உள்ளே தூங்குகிறாள். கடையில் பிலோ, ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர், அலமாரி நிறைய நூடுல்ஸ்.

முதலில் அவனுக்குத் தோன்றியது பசி இல்லை. பொறுப்பு. நாலு நாளாகப் பூட்டிவைத்த சரக்கு. உள்ளே வெக்கை. கெட்டுப்போயிருந்தால்? ஜனங்கள் நம்பி வாங்குகிறார்கள். கடைக்காரன் ருசி பார்க்காமல் எப்படி விற்பது? ஊர் நன்மையை நினைத்து ஒன்றைப் பிரித்தான். கை விளங்காமல் ஒன்றும் போகவில்லை. நன்றாகவே விளங்கிற்று. கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மேலே தட்டு போட்டு மூடி, அது வேகும் முன்னாலேயே கொதிக்கக் கொதிக்க விழுங்கி, கிண்ணத்தை மழைத் தண்ணீரில் கழுவிவிட்டான். சரக்கு கெடவில்லை.

வெள்ளிக்கிழமை இறால் வகையை ருசி பார்த்தான். அதுவும் கெடவில்லை. சனிக்கிழமை கோழி வகை பாக்கி இருந்தது.

சனிக்கிழமை மழை இல்லை. அதுதான் வினை. மழைச் சத்தம் இல்லாததால், உள்ளே கட்டில் கிரீச்சிட்டது தெளிவாகக் கேட்டது. அதற்குப் பின்னால் ரெமியின் செருப்புச் சத்தம். பிலோவின் வாயில் பாதி நூடுல்ஸ், கிண்ணத்தில் பாதி. வாயில் இருந்ததை விழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்தது. கிண்ணத்தை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளினான். கல்லாவுக்குப் பின்னால் விரித்திருந்த பாயில் மல்லாந்து விழுந்தான். கண்ணை மூடினான். குறட்டை விட்டான். அனுபவப்பட்டவன் விடுகிற குறட்டை. ஏற்றம், இறக்கம், நடுவில் ஒரு விசில்.

செருப்புச் சத்தம் அவன் பக்கத்தில் வந்து நின்றது.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒரு தரம். இன்னொரு தரம். ஐயோ, இவளுக்குச் சளி பிடித்திருக்கிறதே என்று பிலோ கண்ணை மூடிக்கொண்டே கவலைப்பட்டான்.

அப்புறம் அவன் மேலுதட்டில் ஏதோ மெதுவாக ஊர்ந்தது. ஈ. தூங்குகிறவன் ஈயை ஓட்டமாட்டான் என்கிற நுட்பம் தெரிந்தவன் பிலோ. அசையவில்லை. ஈ தானாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் அவன் எதிர்பார்க்கவில்லை. பாவாடை ஓரம் அவன் மூக்கை உரசியது. ரெமியின் ஒரு கால் அவனுக்கு அந்தப் பக்கம் போய் ஊன்றிற்று. ஒரு பெருமூச்சு. மற்ற காலும் போயிற்று. அவள் அவனைத் தாண்டிவிட்டாள்.

"போகட்டும் சாமி, எல்லாம் இவனுக்கே போகட்டும்," என்று முணுமுணுத்துவிட்டு நடந்தாள்.

இந்த விஷயம் ஏரிக்கரையில் குஞ்சு குளுவானுக்குக்கூடத் தெரியும். தூங்குகிற புருஷனைப் பிள்ளைத்தாச்சி தாண்டிவிட்டால், அவள் மசக்கை அப்படியே அவனுக்குப் போய்விடும். வாந்தி, தலைசுற்றல், கண்டதையும் தின்ன ஆசை, எல்லாமே இடம் மாறும். ஆனால் புருஷன் தூங்கவேண்டும். அதுதான் முக்கியம். பிலோவோ முழுசாக விழித்துக்கொண்டிருந்தான். ரெமியின் பாச்சா பலிக்கப்போவதில்லை என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பிலும் விசில் மட்டும் குறையவில்லை.

சாயங்காலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தவன், சமையலறையில் ரெமியைப் பார்த்துத் திகைத்தான். திலாப்பியா மீனைப் புளி போட்டுக் கொதிக்கவைத்து, பூசணித் துண்டும் கீரையும் போட்டு, தட்டு நிறையச் சோற்றோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அவ்வளவு ரசனை.

"ரெமி, மீனா சாப்பிடறே?"

"ஆமாம்."

"குடல் வெளியே வரல?"

"வரலையே. மத்தியானத்திலேருந்து பளிச்சுன்னு இருக்கு. எல்லாம் போயிடுச்சு பிலோ."

"எங்கே போச்சு?"

ரெமி எழுந்து போய் வேலிக்கு மேலே எட்டிக் கூப்பிட்டாள். "ஆலிங் பாசிங், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மத்தியானம் பிலோ நல்லாத் தூங்கிட்டிருந்தான். நான் தாண்டிட்டேன்."

"நல்லாத் தூங்கினானா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கேட்டிருப்பீங்களே. உங்க வீடு வரைக்கும் குறட்டை."

"கேட்டேன் கேட்டேன். நான் மழை இடின்னு நினைச்சேன். அப்போ ஒட்டியிருக்கும். இனிமே அவனைத்தான் பாத்துக்கணும்."

பிலோ வாயைத் திறந்தான். நான் தூங்கவே இல்லை என்று சொல்ல வந்தான். பின்னே ஏன் குறட்டை விட்டாய் என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டான்.

இதெல்லாம் என்னை என்ன செய்யும் என்று தைரியமாகத்தான் படுத்தான். காலையில் பழைய சோற்றைத் தாளிக்க ரெமி பூண்டு வதக்கினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும், பிலோ கொல்லைப்புறத்துக்கு ஓடினான். மூன்று நாளாகப் பாதி வெந்த நூடுல்ஸைத் திருட்டு வேகத்தில் விழுங்கிய வயிறு வேறென்ன செய்யும்? அது அவனுக்குத் தெரிந்தால் போதுமா? அவன் குனிந்து நின்ற இடத்துக்கு நேரே வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் புட்டுத் தட்டோடு ஆலிங் பாசிங். அன்றைக்கு அவள் புட்டு விற்ற வீடெல்லாம் சேதியும் விற்றுத் தீர்ந்தது.

பத்து மணிக்குத் தெருப் பெண்கள் கடை முன்னால் வந்துவிட்டார்கள். யாரும் சாமான் வாங்க வரவில்லை. பிலோவைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"முகத்துல ஒரு களை வந்திருக்கு பாரு," என்றாள் ஒருத்தி.

"கண்ணு கூட உள்ளே போயிருக்கு. பாவம், தலைப்பிள்ளை இல்லையா."

"மாங்கா வேணுமா பிலோ? பச்சை மாங்கா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். நாக்கில் ஜலம் ஊறிவிட்டது. "இறால் விழுது தொட்டுக்கவா?" என்று அவன் வாய் அவனைக் கேட்காமலேயே கேட்டது.

கூட்டம் ஆரவாரித்தது. சந்தேகம் இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் அத்தோடு தீர்ந்தது.

"இறால் விழுது கூடாது," என்றாள் ஆலிங் பாசிங். "உப்பு. நர்சம்மா என்ன சொன்னா? மசக்கை யார்கிட்ட இருக்கோ அவங்க திங்கறதுதான் குழந்தைக்குப் போய்ச் சேரும். இனிமே பத்தியம் உனக்குத்தான். மாங்காவை வெறுமனே தின்னு."

"குழந்தை அவ வயித்துலதானே இருக்கு?"

"குழந்தை அங்கே இருக்கு. ஆசை இங்கே இருக்கு. ஆசை எங்கே இருக்கோ அங்கேதான் ஆபத்து. கழுத்துல என்ன அது?"

"சாவி."

"மசக்கைக்காரன் கழுத்துல நூடுல்ஸ் சாவியா? ரெமி, கழட்டு."

ரெமி வந்து, மிகவும் பிரியமாக, அவன் தலை வழியாகக் கயிற்றைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "மனசைக் கட்டுப்படுத்தணும் பிலோ," என்றாள்.

பிலோ விடுகிறவன் இல்லை. மறுநாள் தனியாக ஆலிங் பாசிங் வீட்டுக் கொல்லைக்குப் போனான். அவள் ஆவிப் பானை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஆலிங் பாசிங், ஒரு சந்தேகம். எனக்கில்ல. கலம்பாவுல எனக்கு ஒரு சிநேகிதன்."

"அவனுக்கு என்ன?"

"அவன் பொண்டாட்டியும் அவனைத் தாண்டிட்டா."

"நல்லதாப் போச்சு."

"ஆனா அவன் தூங்கல. முழிச்சிட்டிருந்தான்."

"முழிச்சிருந்தா ஒட்டாது."

பிலோவுக்கு உயிர் வந்தது. "ஒட்டாதா? நல்லாத் தெரியுமா? சரி, அவன்கிட்டச் சொல்லிடறேன். பாவம், ரொம்பப் பயந்துபோயிருக்கான்."

"இரு இரு. முழிச்சிருந்தவன் எதுக்கு உடம்பை நீட்டிக்கிட்டுக் கிடந்தான்? பொண்டாட்டி ஒரு காலைத் தூக்கி வெச்சு, மறுகாலைத் தூக்கி வெச்சுப் போறவரைக்கும் எந்த மனுஷன் சும்மா கிடப்பான்? தூங்கற மாதிரி நடிச்சிருக்கான். நடிக்கறவன் எதையோ மறைக்கறான். அந்தச் சிநேகிதன் பேரு என்ன?"

"பேரா... ஞாபகம் வரல."

"கலம்பாவுலதான் என் தங்கச்சி இருக்கா. ஊரு முழுக்கத் தெரியும் அவளுக்கு. விசாரிக்கச் சொல்றேன்."

"வேண்டாம் வேண்டாம். நான் நினைச்சுப் பாக்கறேன், அவன் தூங்கிட்டுத்தான் இருந்திருப்பான்."

"அப்போ ஒட்டியிருக்கும்," என்று சொல்லிப் பானையை மூடினாள் ஆலிங் பாசிங்.

அத்தோடு எல்லா வாசலும் அடைபட்டுப்போயிற்று. உண்மையைச் சொன்னால் சத்தியம் முறித்தவன். சொல்லாவிட்டால் மசக்கைக்காரன். பிலோ நன்றாக யோசித்துப் பார்த்து, மசக்கைக்காரனாகவே இருந்துவிடுவது என்று முடிவு செய்தான்.

முடிவு செய்தவனுக்கு நாக்கு அடங்கவேண்டுமே. தெருக் கோடியில் இன்னொரு கடை உண்டு. தொழிலில் அவனுக்குப் பரம எதிரி. வெட்கத்தை விட்டு அங்கே போய் நின்றான்.

"ஒரு நூடுல்ஸ்."

கடைக்காரி அவனைப் பார்த்தாள். "உன் கடையில இல்லாத நூடுல்ஸா?"

"தீந்துபோச்சு."

"தீரலை. காலைல என் கொழுந்தன் உன் கடையிலதான் வாங்கினான். பிள்ளைத்தாச்சிக்குப் பொட்டலம் வித்த பாவம் எனக்கு வேண்டாம் பிலோ. கொல்லையில முருங்கை இருக்கு, வேணும்னா ஒரு கொத்து ஒடிச்சுக்கோ."

முருங்கைக்கு மட்டும் அந்தத் தெருவில் பஞ்சமே இல்லை. தினம் யாராவது கிண்ணத்தில் கீரைச் சாறு கொண்டுவந்து, அவன் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார்கள். வெள்ளிக்கிழமை பச்சைப்பயறு. மற்ற நாள் புளிச்சாறு, வேகவைத்த வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. எல்லாவற்றிலும் உப்பு இருந்ததா இல்லையா என்று அவன் பட்டிமன்றமே நடத்தலாம். மத்தியானம் அவன் பாயில் படுத்தால் ரெமி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தாள். சத்தியம் செய்த அதே முக்காலி.

இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போடவேண்டி வந்தது. ஒன்று மட்டும் அவனுக்கு நிம்மதி. ரெமி தினம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அவன் தட்டில் இருந்ததே அவள் தட்டிலும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டாள். கால் வீக்கம் வற்றியதுபோல் தெரிந்தது. தெரிகிறதா, இல்லை நம் ஆசையா என்று அவன் தினம் காலையில் அவள் செருப்பை மாட்டிவிட்டுப் பார்த்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கீரைதான் இறங்கிற்று.

இரண்டு வாரம் ஆயிற்று. சுகாதார நிலையத்தில் நர்சம்மா நெனிதா பட்டையைச் சுற்றினாள். காற்றடித்தாள். பிலோ மூச்சை நிறுத்திக்கொண்டான். நர்சம்மா மறுபடியும் காற்றடித்தாள்.

"நூத்தி இருபதுக்கு எண்பது," என்றாள். "கால் வீக்கமும் வடிஞ்சிருக்கு. இப்படியே இரு. மாத்திரையை விடாதே. ஆஸ்பத்திரிக்கு இப்போதைக்கு வேலை இல்ல."

பிலோ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அழக்கூடாது என்று எவ்வளவோ பார்த்தான். மீசை வழியாகக் கண்ணீர் சொட்டிற்று. வரிசையில் இருந்த பிள்ளைத்தாச்சி ஒருத்தி தன் கைக்குட்டையை நீட்டினாள்.

நர்சம்மா அவனைப் பார்த்தாள். "உனக்கு எத்தனாவது மாசம் பிலோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பிலோவும் அழுதுகொண்டே சிரித்தான்.

திரும்பும்போது வண்டி பிடிக்காமல் ஏரிக்கரையோரமாக நடந்தே வந்தார்கள். மனசு இளகியிருந்தது. சொல்லிவிடலாம் என்று தோன்றியது பிலோவுக்கு. இவ்வளவு நல்ல பெண்டாட்டியிடம் ஒளிவு மறைவு என்ன?

"ரெமி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அன்னைக்கு நீ தாண்டினே இல்ல, அப்போ நான் தூங்கல."

"தெரியும்."

பிலோ நின்றுவிட்டான். "தெரியுமா? தெரிஞ்சேதான் தாண்டினியா? அப்போ மசக்கை எனக்கு வரவே இல்லையா?"

"எப்படி வரும்? முழிச்சிருந்தா ஒட்டாதுன்னு கலம்பா சிநேகிதனுக்கு ஆலிங் பாசிங் சொல்லலையா?"

அதுவும் வந்து சேர்ந்துவிட்டதா என்று பிலோ தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்போ உன் மசக்கை எங்கே போச்சு? இத்தனை நாளா மீனை ரசிச்சு ரசிச்சுத் தின்னியே."

"ரசிச்சேனா? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, ஒவ்வொரு வாயும் குழந்தைக்கு, குழந்தைக்குன்னு சொல்லிச் சொல்லி முழுங்கினேன். நீ கொல்லைப்பக்கம் போனா நானும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்துட்டு, வாயைக் கழுவிக்கிட்டு, திரும்ப வந்து தின்னேன்."

பிலோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அதுக்கு எதுக்கு என்னை மசக்கைக்காரன் ஆக்கினே? திங்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே."

"சத்தியம் பண்ணியே விடல. நான் சொன்னா விட்டுடுவியா? வியாழக்கிழமை வாசனை வந்துச்சு. மழை வாசனைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். வெள்ளிக்கிழமை இறால் வாசனை. தலகாணியைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன் பிலோ. இன்னும் ஒரு நாள் அந்த வாசனை வந்திருந்தா, அலமாரியையே உடைச்சிருப்பேன். நீ அடங்கினாத்தான் வாசனை அடங்கும். வாசனை அடங்கினாத்தான் நான் அடங்குவேன். உன்னை நான் ஒருத்தி காவல் காக்க முடியுமா? அதான் தெருவையே காவலுக்கு வெச்சேன்."

பிலோ தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தொழில் நுட்பத்தில் தோற்றது எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் அவனால் இருக்க முடியவில்லை.

"முழிச்சிருந்தேன்னு எப்படிக் கண்டுபிடிச்சே? குறட்டை சரியாத்தானே விட்டேன். விசில்கூட வெச்சேனே."

"குறட்டை எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உன் மீசையில ஒரு நூடுல்ஸ் தொங்கிட்டிருந்துச்சு. ஆவி கூட அடங்கல."

பிலோவின் கை மீசைக்குப் போயிற்று. "ஈ ஊருதுன்னு நினைச்சேன்."

"ஈ இல்ல. நான்தான் எடுத்தேன்."

"எடுத்து எங்கே போட்டே? தரையிலயா?"

ரெமி ஏரியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"இந்த ரெண்டு வாரத்துல பொட்டலத்துலேருந்து என் வாய்க்குள்ள போனது அந்த ஒரு இழைதான்," என்றாள். "உப்பு கொஞ்சம் கம்மியா இருந்துச்சு."